ஒரு சட்டிச் சோறும் ஆண்பிள்ளைக் கௌரவமும்

நம் நாட்டு ஆண்பிள்ளைகளில் அநேகர் மிகவும் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளும் சங்கதி ஒன்று உண்டு. அதென்னவென்றால், “எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது” என்பதாகும். எழுதப் படிக்கத் தெரியாதவன் அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறான். கணக்குத் தெரியாத வியாபாரி அதை மறைத்து வைக்கிறான். ஆனால் தன் வயிற்றுக்கு வேண்டிய ஒரு வேளைச் சோற்றை ஆக்கிக்கொள்ளத் தெரியாதவன் மாத்திரம் மீசையை முறுக்கிக்கொண்டு அதைச் சொல்லுகிறான் என்றால், இது அறியாமையா அல்லது அந்தஸ்தா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சமீபத்தில் ஓர் ஊருக்குப் பெண் விடுதலையைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து இரவு 9 மணிக்கு ஒரு தோழர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அந்தத் தோழரும் அவர் மனைவியாரும் ஆக வீட்டில் இரண்டே பேர். இருவரும் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். அம்மையார் கூட்டத்துக்கு வரவில்லையே, ஏன் என்று கேட்டேன். “சமையல் இருந்துதுங்களே” என்றார். சாதம், சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் ஆகிய எல்லாம் இலைக்கு வந்தன. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி, திண்ணையில் உட்கார்ந்து உலக சங்கதிகளையெல்லாம் பேசி முடித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது மணி 11. அந்த அம்மாள் அப்போதுதான் அடுக்களையில் உட்கார்ந்து ரசத்தின் அடிமண்டியை ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுவ வேண்டிய பாத்திரங்கள் மலைபோல் கிடந்தன. இரண்டு மணி நேரம் நான் பேசிய பெண் விடுதலைப் பேச்சின் யோக்கியதை எவ்வளவு என்பது அப்போதுதான் எனக்கே விளங்கிற்று.

அந்தத் தோழரை மாத்திரம் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கலியாணமாகிப் பல வருஷங்கள் வரையில் நானும் அதே ஜாதிதான். ஊர் ஊராய்ப் போய் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு வீடு திரும்பி, “சோறு ஆச்சா?” என்று கேட்டவன்தான். ஒரு சமயம் என் மனைவி ஜுரத்தில் படுத்துவிட்டாள். முதல் நாள் ஹோட்டலில் வாங்கினேன். எண்ணெயும் காரமும் அவள் வாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் அடுப்பண்டை போய், எதை முதலில் வைப்பது, குழம்பையா சோற்றையா என்று தெரியாமல் விழித்தேன். படுத்த இடத்திலிருந்தே அவள் சொன்னாள்: “ஏனுங்க, ரெண்டு பேர் திங்கறதுக்கு எதுக்குங்க மூணு சட்டி? அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு ஆக்குனா ஆச்சுங்க. இதுல என்ன கம்பசூத்திரம் இருக்குது?” அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அரை மணிக்குமேல் கொஞ்சம் ஆயிற்று. இருவரும் சாப்பிட்டோம். இவ்வளவு சுலபமான காரியத்தைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு மனுஷியின் உழைப்பைத் தின்றிருக்கிறோமே என்பதுதான் அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம்.

அந்தச் சாப்பாடு இதுதான்

கொங்குநாட்டில், அதாவது கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில், இதை அரிசியும் பருப்புஞ் சாதம் என்பார்கள். பணக்காரன், ஏழை என்றில்லாமல் எல்லார் வீட்டிலும் ஆக்குவது, அவசரத்துக்கு உதவுவது. இரண்டு பேருக்கு வேண்டிய அளவை எழுதுகிறேன். ஆண் தோழர்கள் இந்தப் பகுதியைப் பெண்களுக்கு என்று நினைத்துத் தாண்டிவிடாமல், தங்களுக்கென்றே எழுதியதாய் எண்ணிப் படிக்க வேண்டுகிறேன்.

அரிசி ஒரு டம்ளர், அதாவது உத்தேசம் 180 கிராம். துவரம்பருப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, 60 கிராம். இரண்டையும் ஒன்றாய்க் கலந்து, ஒரு தரமோ இரண்டு தரமோ கழுவித் தண்ணீரில் ஊறவைத்துவிட வேண்டும். அது ஊறுகிற நேரத்தில் சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல் உரித்துக்கொண்டு, தக்காளி ஒன்று அல்லது இரண்டு நறுக்கிக்கொள்ளலாம். பிறகு குக்கரை அடுப்பில் வைத்து இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, காய்ந்ததும் கடுகு போட வேண்டும். கடுகு வெடித்த பின்பு சீரகம், வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. அதன்மேல் வெங்காயம், பூண்டு. வெங்காயம் வதங்கியதும் தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. தக்காளி குழைந்ததும் அரிசி அளந்த அதே டம்ளரால் மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்தவுடன் ஊறிய அரிசி பருப்பை வடித்துப் போட்டு மூடிவிட வேண்டும். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாய் அடங்குகிற வரையில் வேறு வேலை பார்க்கலாம்.

மூடியைத் திறந்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிளறி, சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிஷம் வைத்தால் அதுவும் வெந்துவிடும். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினால் சாப்பாடு முடிந்தது. கை இருந்தால் ஒரு ஸ்பூன் நெய். இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. குக்கர் இல்லாத வீட்டில் கனமான சட்டியில் நாலரை டம்ளர் தண்ணீர் வைத்து, மூடிபோட்டுச் சின்னத் தீயில் உத்தேசம் அரை மணி நேரம் வேகவிட்டால் சரி. முட்டை சாப்பிடுகிறவர்கள், திறந்த சட்டியானால், தண்ணீர் வற்றுகிற சமயத்தில் இரண்டு முட்டையை மேலே உடைத்து ஊற்றி மூடிவிடலாம். அந்த ஆவியிலேயே வெந்துவிடும். புழுங்கல் அரிசிக்குத் தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூட வேண்டும்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்களானால், விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் கணக்கை மாத்திரம் சொல்லுகிறேன். ஒரு கிலோ பருப்பு 16 இரவுக்கு வரும். ஒரு கிலோ அரிசி ஐந்து இரவுக்குமேல் வரும். தமிழ்நாட்டில் 2011-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. துவரம்பருப்பும் அங்கே சகாய விலைக்குக் கிடைக்கிறது. முருங்கை மரம் வேலியில் நிற்கிறது. ஆகவே ஹோட்டலில் ஒரு ஆள் சாப்பிடுகிற பணத்துக்குள் வீட்டில் இரண்டு பேர் வயிறார உண்ணலாம். கடைசியில் கழுவ வேண்டியது ஒரு குக்கரும் இரண்டு தட்டுந்தான். சமையல் என்றால் ஆக்குவது மாத்திரம் என்று நினைப்பவன், பாத்திரம் கழுவியே அறியாதவன் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் சத்து உண்டா?

“சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று நாலு வகை இருந்தால்தானே உடம்புக்குச் சத்து?” என்று சிலர் கேட்கலாம். சத்து என்பது சட்டிகளின் எண்ணிக்கையில் இல்லை. சட்டிக்குள் போடுகிற பண்டத்தில் இருக்கிறது. துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற பொருள் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. படிக்காத கிழவிகள் அனுபவத்தில் கண்டுபிடித்ததை விஞ்ஞானம் பின்னால் வந்து சோதித்துச் சரி என்று சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுகிறவர்கள், தண்ணீரில் கரைகிற பி-1 வைட்டமினில் பெரும் பங்கைச் சேர்த்துக் கொட்டுகிறார்கள். டச்சு வைத்தியர் கிறிஸ்டியான் எய்க்மான் என்பவர் 1890-களில், இன்றைக்கு ஜகார்த்தா என்று சொல்லப்படும் பட்டேவியாவில், தீட்டிய வெள்ளை அரிசியை மாத்திரம் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமற் போனதையும், தவிட்டோடு சேர்ந்த அரிசி தின்றதும் அவை தேறியதையும் கண்டார். பெரிபெரி நோய்க்கு மூலம் இதுவே என்று தெரிய அந்தச் சோதனைதான் வழி காட்டிற்று. அதற்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. நம் ஒரு சட்டிச் சோற்றிலோ வேகவைத்த தண்ணீரில் ஒரு சொட்டும் வெளியே போவதில்லை.

குக்கரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, ஆவியாய்ப் போகும். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடிச் சூடு 120 டிகிரி அளவுக்குப் போகிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின் என்பவர் 1679-ல் லண்டனில் இந்தப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். 1682-ல் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் அதில் ஆக்கிய விருந்தைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்புகூடப் பாலாடைக்கட்டிபோல் மெத்தென்று வெந்திருந்ததாம். பாப்பின் புராட்டஸ்டண்ட் மதத்தில் பிறந்தவர் என்கிற ஒரே காரணத்தால், 1685-ல் பிரெஞ்சு ராஜா அந்த மதத்தையே தடுத்துவிட்ட பிறகு சொந்த தேசத்துக்குத் திரும்ப முடியாமற் போயிற்று. மதம் துரத்திய மனிதன் செய்த பாத்திரந்தான் இன்று எல்லா மதக்காரன் வீட்டிலும் விசில் அடிக்கிறது! அதை உபயோகிக்க மந்திரம் வேண்டியதில்லை. பாதிக்குமேல் நிரப்பக்கூடாது, ஆவி போகும் துவாரம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆவி அடங்குமுன் மூடியைப் பலவந்தமாய்த் திறக்கக்கூடாது. இம்மூன்றும் தெரிந்தால் போதும்.

ஆணுக்குச் சமையல் வராதா?

இவ்வளவும் கேட்டபின், “ஆயிரம் சொன்னாலும் சமையல் பெண்களுக்குத்தான் இயற்கை” என்று ஒருவர் சொல்லுவார். நான் கேட்கிறேன்: கலியாணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவன் யார்? கோவில் மடப்பள்ளியில் பிரசாதம் ஆக்குகிறவன் யார்? ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன் யார்? பரோட்டா மாஸ்டர் யார்? பெரும்பாலும் ஆண்பிள்ளைதானே? புராணத்தை நம்புகிறவர்களாவது தங்கள் புராணத்தைப் பார்க்க வேண்டாமா? சமையலில் கெட்டிக்காரன் என்று பாரதம் சொல்லுகிற இருவர் நளனும் பீமனுந்தான். ருசியான சாப்பாட்டுக்கு நளபாகம் என்கிறார்களே ஒழிய, தமயந்தி பாகம் என்று யாராவது சொல்லுகிறார்களா?

ஆகவே சங்கதி என்னவென்றால், கூலி கிடைக்கிற சமையல் ஆணுக்குத் தொழில். கூலி கிடைக்காத சமையல் பெண்ணுக்குத் தர்மம். இதில் இயற்கை எங்கே வந்தது? தீட்டு பார்க்கிற வீடுகளில் இன்னும் வேடிக்கை. மாதத்தில் மூன்று நாள் பெண்பிள்ளை அடுக்களைக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கிறார்கள். வேறு பெண் இல்லாத வீட்டில் அந்த மூன்று நாளும் புருஷனே ஏதோ ஆக்கிக்கொள்ளுகிறான். நாலாம் நாள் காலையில் அவனுக்குச் சமையல் மறந்து போகிறது! தீட்டு என்பதே பித்தலாட்டம். அந்தப் பித்தலாட்டம் இருந்தால்தான் ஓர் ஆணுக்குக் கரண்டி பிடிக்க வருகிறது என்றால், நம் ஆண்மையின் லட்சணத்தை என்னென்பது?

இந்திய சர்க்கார் 2019-ல் ஜனங்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் அதில் செலவழிக்கிறார்கள். அதாவது கிட்டத்தட்ட 5 மணி நேரம். அந்த வேலையில் கைவைக்கிற ஆண்களோ 97 நிமிஷந்தான். அப்படிக் கைவைக்கிறவர்களும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே. பெண்களில் நூற்றுக்கு 81 பேர். இது ஏதோ ஒரு பிரசாரகன் கோபத்தில் சொன்ன கணக்கல்ல, சர்க்கார் கணக்கு.

கடைசியில் சாப்பிடுவது யார்?

ஒரு சட்டிச் சோற்றில் நான் கண்ட முக்கிய குணம் சிக்கனமுமல்ல, சுலபமுமல்ல. நாலு வகை சமைக்கிற வீட்டில், முதலில் புருஷன் உட்காருகிறான். பருப்பும் காயும் கெட்டியாய் இருக்கிற பாகம் அவன் இலைக்குப் போகிறது. பெண்ஜாதி கடைசியில் உட்காரும்போது சோறு இருக்கும். தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இதை யாரும் சதி செய்து நடத்தவில்லை. பழக்கம் தானாய் நடத்திவிடுகிறது. நம் தேசத்தில் 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. இந்த வித்தியாசத்துக்கு மாதவிலக்கு, பிரசவம் முதலிய காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிக ரத்தம் இழக்கிற உடம்புக்குத்தானே அதிகச் சத்து போக வேண்டும்? நாமோ அந்த உடம்புக்கு ரசத்தின் அடிமண்டியை விட்டுவைக்கிறோம்.

சோறும் பருப்பும் கீரையும் ஒன்றாய் வெந்த சட்டியில் இந்த ஏமாற்று நடக்காது. எந்தக் கரண்டியில் எடுத்தாலும் பருப்பும் வரும், கீரையும் வரும். இரண்டு தட்டை வைத்துச் சரிபாதியாய்ப் போட்டால் கண்ணுக்கே நியாயம் தெரியும். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சம்பழப் புளிப்பு உதவி செய்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சேருவதைத் தடுக்கிறது. ஆகையால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ரத்த சோகை கண்டவர்கள் இந்தச் சோறே மருந்து என்று இருந்துவிடாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சோதித்து மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டியது அவசியம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆணும் பெண்ணுமாய் ஒன்றரை ஷிப்டு வேலை செய்துவிட்டு, இரவு வீடு திரும்புகிற ஜோடிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கம்பெனி, ஒரே களைப்பு, ஒரே பஸ். வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் ஒருவர் செல்போனை எடுத்துக்கொண்டு பாயில் சாய்கிறார். மற்றவர் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பண்டை போகிறார். இருவர் உடம்பும் ஒரே மாதிரிதானே நொந்திருக்கிறது? ஒருவருக்கு மாத்திரம் இன்னொரு ஷிப்டை விதித்தது யார்? கடவுளா, சர்க்காரா? இரண்டுமில்லை. பாயில் சாய்ந்திருக்கிற நம் தோழர்தான்.

ஆகையால் தோழர்களே, நான் பெரிய தியாகம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரத்தில் ஒரு நாள், முதலில் வீடு சேருகிறவர் யாரோ அவரே அரிசியும் பருப்பும் ஊறவையுங்கள். முதல் நாள் உப்பு அதிகமாகலாம், அடி பிடிக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நான் இரண்டும் செய்திருக்கிறேன். இரண்டாம் நாள் சரியாய் வரும். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆக்கினவர் ஒருவரானால் கழுவுகிறவர் மற்றவராய் இருக்கட்டும். மிச்சப்படுகிற நேரத்தில் அந்த அம்மையார் பத்திரிகை படிக்கட்டும், கூட்டத்துக்கு வரட்டும், ஒன்றுமில்லாவிட்டால் தூங்கவாவது தூங்கட்டும்.

எனக்கு விருந்து வைத்த அந்தத் தோழருக்கும் இதையேதான் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை நான் அந்த ஊருக்கு வரும்போது அவர் வீட்டில் எனக்கு அரிசியும் பருப்புஞ் சாதம் போதும். அதை அவரே ஆக்கியிருக்க வேண்டும். அம்மையார் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால், நான் அங்கே பெண் விடுதலையைப் பற்றிப் பேசுவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.